‘சும்மா ஆர்ட்ஸ் காலேஜ்தான் சார்’

(பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டிப் பயிற்சியில், அரசு மேல்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஏழாவது பாடவேளையில் வகுப்பெடுத்துப் பழகியவர்கள்தானே நாம், அதனால் பயமில்லை. யாராவது கண்ணயர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் மெதுவாகத் தட்டிவிடுங்கள்.

காலையில் மருத்துவம், பொறியியல், வேளாண்மை பற்றிப் பேசினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை விளக்கினார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு அரசு கலை அறிவியல் கல்லூரி. ‘இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது’ என்று சிலர் நினைக்கலாம். அந்த நினைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலையில் பழைய மாணவர்கள் வழியில் பார்த்து வணக்கம் சொல்வார்கள். “என்னப்பா சேர்ந்திருக்கே?” என்று கேட்போம். பொறியியல் சேர்ந்த பையன் “இன்ஜினியரிங் சார்” என்று நிமிர்ந்து சொல்வான். நர்சிங் சேர்ந்த பெண்ணும் அப்படித்தான். அரசுக் கல்லூரியில் பி.ஏ. சேர்ந்த பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, “சும்மா ஆர்ட்ஸ் காலேஜ்தான் சார்” என்பான்.

முன்னால் ஒரு ‘சும்மா’, பின்னால் ஒரு ‘தான்’. இந்த இரண்டையும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? எந்தப் பாடப்புத்தகத்திலும் அது இல்லை. “ஒழுங்காப் படிக்கலைன்னா ஆர்ட்ஸ் காலேஜுக்குத்தான் போவே” என்று வகுப்பில் மிரட்டியிருக்கிறோம். நானும் மிரட்டியிருக்கிறேன். இத்தனைக்கும் நான் அங்கே படித்தவன்.

1997இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். அப்பா வயல் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அந்தக் கல்லூரி இல்லையென்றால் அதன்பிறகு பி.எட். இல்லை, இந்த வேலையும் இல்லை. காவிரிக் கரையில் இருக்கிற அந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது அதன் வரலாறு எனக்குத் தெரியாது. வரலாறு படிக்கப் போனவனுக்கே தெரியாது! பிறகு ஒரு பேராசிரியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

1854இல் பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்த இடம் அது. உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை அங்கே தமிழாசிரியர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். பிறகு புறநானூறு, சிலப்பதிகாரம், மணிமேகலை. இவை எல்லாமே அவர் கும்பகோணத்தில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் வெளிவந்தவை. ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர் பாடவேளை போக மிச்சமிருந்த நேரத்தில் செய்த வேலை அது.

அவர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிப் போன மறு ஆண்டு, 1904இல், அங்கே மாணவராகச் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதையும் கவனிக்காமல் மற்றப் பாடங்களில் தவறினார். உதவித்தொகை போய்விட்டது. ஆனால் அவரைக் கணிதத்துக்குள் இழுத்துச் சென்ற ஜி.எஸ்.கார் எழுதிய தொகுப்பு நூல், பள்ளி நாட்களிலேயே அந்தக் கல்லூரி நூலகத்திலிருந்துதான் நண்பர் வழியாக அவர் கைக்கு வந்தது. தேர்வுமுறை அவரைத் தவறவிட்டது, நூலகம் தவறவிடவில்லை. ஒரு கல்லூரியின் நிறை, குறை இரண்டும் இந்த ஒரு கதையில் இருக்கின்றன. இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

சென்னையில் மாநிலக் கல்லூரி 1840இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. சி.வி.ராமன் அங்கே முதுகலை மாணவராக இருந்தபோதே, 1906இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு இதழில் அச்சானது. சந்திரசேகரும் அங்கே படித்தவர்தான். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற இரண்டு பேர் படித்த கல்லூரியில், இன்றைக்கும் நம் பள்ளிப் பிள்ளை விண்ணப்பம் போட்டுச் சேரலாம். 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி, பெண்கள் வெளியே வந்து படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் அவர்களுக்குக் கதவு திறந்தது.

பழம்பெருமை போதும். இன்றைக்குச் சேருகிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? அதைப் பார்ப்போம்.

முதலில் படிப்பு. நாட்டில் சில தனியார் பல்கலைக்கழகங்கள் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்ற பெயரில் ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு நடத்தும் பட்டப்படிப்புகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு துறையை மட்டும் படிக்காமல் மொழி, சமூகம், அறிவியல் என்று பரவலாகப் படிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்து. நம் அரசுக் கல்லூரிப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். பகுதி ஒன்று தமிழ். பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் அதற்குத் துணைப்பாடமும். பகுதி நான்கில் திறன்சார் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி. பகுதி ஐந்தில் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை போன்ற விரிவாக்கப் பணி. இயற்பியல் படிக்கிற பையன் கல்லூரியிலும் தமிழ் இலக்கியம் படிக்கிறான். வரலாறு படிக்கிற பெண் துணைப்பாடமாக இன்னொரு துறையையும் தொட்டுப் பார்க்கிறாள். அந்தப் பெரிய பெயரை வைக்காமலே நாம் இதைப் பல காலமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

இரண்டாவது, செலவு. இளநிலைப் பட்டத்துக்குப் பயிற்றுக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்ற சில இருக்கும். தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் அவை சிறிய தொகை. அரசு பேருந்தில் இலவசப் பயண அட்டை உண்டு. நலத்துறை விடுதிகள் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றுக்கு ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு மாணவர் பெயரிலேயே வேண்டும். அப்பா கணக்கைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் கணக்கைச் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, நேரம். பல அரசுக் கல்லூரிகளில் இரண்டு சுழற்சி உண்டு. காலைச் சுழற்சியில் படிக்கிற பிள்ளைக்குப் பிற்பகல் கையில் இருக்கிறது. சிலர் அந்த நேரத்தில் கடையில் வேலை பார்க்கிறார்கள். சிலர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தில் இருக்கிற பிள்ளைக்கு, ‘படிப்பா, வேலையா’ என்ற கேள்விக்கு ‘இரண்டும்’ என்று பதில் சொல்ல இது இடம் கொடுக்கிறது.

நான்காவது, பெற்றோர் கேட்கிற கேள்வி. போன ஆண்டு ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “பி.ஏ. படிச்சா என்ன வேலைங்க சார் கெடைக்கும்?” நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது. நான் அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்.

இந்தியக் குடிமைப் பணித் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். நம் மாநிலத்தின் குரூப் 1 தேர்வுக்கும் பட்டம்தான் அடிப்படை. பி.எஸ்சி. முடித்தவர் ‘ஜாம்’ நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்போடு ஐ.ஐ.டி. கதவு மூடிவிட்டது என்று அழுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். திருவாரூரில் இருக்கிற தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுகலை சேர ‘கியூட்’ தேர்வு இருக்கிறது. நம்மைப் போல ஆசிரியராகலாம்.

இதையும் சேர்த்துச் சொன்னேன்: “அம்மா, பட்டம் வாங்கின மறுநாள் வேலை கெடைக்கும்னு நான் சொல்லமாட்டேன். மூணு வருஷத்துல பிள்ளை என்ன செய்யுதுங்கறதுதான் கணக்கு.” அந்தத் தாய் தலையாட்டினார். பொய் சொல்லாததால் நம்பினார் என்று நினைக்கிறேன். மகள் இப்போது பி.ஏ. பொருளியல் படிக்கிறாள்.

ஆசிரியர் வேலை பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் ஒரு கவனம் வேண்டும். பொருளியல், வணிகவியல் படித்தவர் பி.எட். சேர முதுகலையும் முடித்திருக்க வேண்டும். அந்தத் தாயிடம் இதையும் முன்பே சொல்லிவிட்டேன். புதுப்புதுப் பெயரில் வரும் பட்டங்களுக்கு அரசு வேலையில் இணைத்தன்மை கேட்பார்கள். அந்த ஆணை இல்லாமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். ‘எனக்கு இந்த வேலை’ என்று தெளிவாகச் சொல்கிற பிள்ளை, அந்த வேலைக்குரிய தகுதியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று, தமிழ் வழி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் அதைத் திருத்தினார்கள். அதன்படி அந்தப் பணிக்கு என்ன கல்வித் தகுதியோ அதுவரை தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு தமிழ் வழியில் படித்துவிட்டு, ‘இங்கிலீஷ் மீடியம்னா மரியாதை’ என்று பட்டத்தை ஆங்கில வழியில் எடுத்தால், பட்டதாரிப் பணியில் அந்த முன்னுரிமை கிடைக்காது. எது நல்லது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தெரிந்து முடிவெடுக்கட்டும், தெரியாமல் இழக்கக் கூடாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் நிரம்பாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத் துறைகள் ஓடுகின்றன. ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிற இடம் உண்டு. கழிவறை பற்றி மாணவிகள் சொல்வதைக் கேட்டால் நமக்கே வெட்கமாக இருக்கும். வருகையைக் கண்டிப்பாகப் பார்க்காத இடத்தில் பிள்ளை வழிதவறிப் போவதும் உண்டு. பள்ளியில் நாம் பின்னாலேயே நின்று படிக்க வைத்தோம். அங்கே யாரும் அப்படி நிற்கமாட்டார்கள். இதைச் சொல்லாமல் அனுப்பினால் முதல் பருவத்திலேயே பிள்ளை துவண்டுவிடும்.

2021–22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த 47க்கு வெளியே நிற்கிறவர்கள் யார்? அவர்களில் ஒருவனை எனக்குத் தெரியும். அவனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

மாரிமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன். வரலாற்றில் எனக்கே கேள்வி கேட்டு வியர்க்க வைத்தவன். ‘பி.ஏ. வரலாறு படிச்சு உங்களை மாதிரி வாத்தியார் ஆவேன் சார்’ என்பான். மதிப்பெண்ணும் போதுமான அளவு இருந்தது. தேர்வு முடிவு வந்ததும் “அப்ளிகேஷன் போட்டுட்டியா?” என்று போனில் கேட்டேன். “போட்டுட்டேன் சார்” என்றான். நானும் மனநிறைவோடு பதிவேட்டில் ஒரு டிக் அடித்துவிட்டேன்.

விண்ணப்பத்தை அவன் போட்டது ஊரில் இருந்த ஒரு கணினி மையத்தில். அவன் வீட்டில் ஒரே ஒரு போன், அதற்கும் அன்றைக்கு ரீசார்ஜ் இல்லை. மையத்தில் இருந்தவர் அவசரத்துக்குத் தன் எண்ணைப் போட்டுப் பதிவை முடித்துவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. உதவி என்று நினைத்துத்தான் செய்தார். கலந்தாய்வுத் தேதி குறுஞ்செய்தியாக வந்தது, அவருடைய போனுக்கு. ஒரு நாளைக்கு நூறு செய்தி வருகிற போன் அது.

மாரிமுத்து காத்துக்கொண்டிருந்தான். கடிதம் வரும் என்று நினைத்தானாம். தரவரிசைப் பட்டியல் வந்து, கலந்தாய்வு முடிந்து, கல்லூரி திறந்து, பக்கத்து வீட்டுப் பையன் பையை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறியபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. என்னிடம் வந்து கேட்கக் கூச்சம். அந்த மாதமே மாமாவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

அடுத்த பொங்கலுக்கு ஊர் வந்தபோது கடைத்தெருவில் பார்த்தேன். நடந்ததைச் சொன்னான். “அடுத்த வருஷம் போடலாம்டா” என்றேன். சிரித்தான். “தங்கச்சி படிக்கட்டும் சார். நான் சம்பளத்துக்குப் பழகிட்டேன்” என்றான்.

கணினி மையக்காரரைக் குறை சொல்லலாம். குறுஞ்செய்தியைக் குறை சொல்லலாம். ஆனால் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: “எந்த நம்பர்டா கொடுத்தே?” ஐந்து விநாடிக் கேள்வி. அதை நான் கேட்கவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குப் போன பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் போன் செய்தேன். இவனுக்குச் செய்யவில்லை. ஏன்? ‘ஆர்ட்ஸ் காலேஜ்தானே, கிடைத்துவிடும்’ என்ற நினைப்பு. அந்த ‘தானே’ என் மனசிலும் இருந்தது. அதற்கு விலை கொடுத்தது அவன்.

அதன்பிறகு எங்கள் பள்ளியில் சில வேலைகளைத் தவறாமல் செய்கிறோம். பெரிய திட்டம் ஒன்றுமில்லை. நீங்களும் செய்யலாம்.

ஒன்று, விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே போடுகிறோம். எந்த எண், எந்த மின்னஞ்சல், என்ன கடவுச்சொல் என்று ஒரு நோட்டில் மாணவன் கையாலேயே எழுத வைத்து, ஒரு பிரதி நாங்கள் வைத்துக்கொள்கிறோம். இரண்டாவது எண்ணாக வகுப்பாசிரியர் எண்.

இரண்டு, தரவரிசை எப்படி வருகிறது என்று மார்ச் மாதத்துக்குள் விளக்கிவிடுகிறோம். தமிழ், ஆங்கில இலக்கியத்துக்கு அந்தந்த மொழி மதிப்பெண். மற்றப் பட்டங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களுக்கு 400. மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள் ஆகியோருக்குச் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு முதலில் நடக்கும். கபடியில் மாவட்டச் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வரிசையில் நின்ற பிள்ளை எங்களிடம் உண்டு.

மூன்று, பிள்ளைகளைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க வைக்கிறோம். மாநிலத்தில் 160க்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகள், லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். பி.காம்., கணினி அறிவியல் என்று எல்லோரும் ஓரிடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். புவியியல், புள்ளியியல், தாவரவியல் என்றால் என்ன என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தந்தப் பாட ஆசிரியர் பத்து நிமிடம் பேசினால் போதும்.

நான்கு, பிப்ரவரியில் ஒருநாள் பக்கத்துக் கல்லூரிக்கு அழைத்துப் போகிறோம். நூலகம், ஆய்வகம், கேன்டீன், பேருந்து நிறுத்தம் எல்லாம் பார்க்கிறார்கள். எங்கள் பழைய மாணவர்கள் சுற்றிக்காட்டுகிறார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைக்குக் கல்லூரி வாசலில் நுழைவதே ஒரு பயம். அதைத் தெளிவிக்க ஒரு பிற்பகல் போதும்.

ஐந்து, கல்லூரி திறந்த பிறகு ஒருமுறை போன் செய்கிறோம். “சேர்ந்துட்டியா?” என்று அல்ல, “இன்னைக்கு என்ன வகுப்பு நடந்துச்சு?” என்று கேட்கிறோம். போகாத பிள்ளைக்கு அதற்குப் பதில் தெரியாது. உடனே தெரிந்துவிடும்.

நண்பர்களே, நம் வகுப்பிலிருந்து மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைக்கு மாலை போட்டுப் பதாகை வைக்கிறோம். வைக்க வேண்டும். ஆனால் வகுப்பில் பெரும்பாலோர் போகப் போகிற இடம் அரசுக் கல்லூரி. அவர்கள் பெயரையும் அந்தப் பதாகையில் பாடத்தோடு சேர்த்து எழுதுங்கள். ‘பி.எஸ்சி. கணிதம், பி.ஏ. தமிழ், பி.ஏ. வரலாறு’ என்று எழுதுங்கள். போன ஆண்டு நாங்கள் எழுதினோம். அதில் ஒரு பெயருக்கு முன்னால் நின்று ஒரு பெண் போட்டோ எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் அண்ணன் நின்றான், திருப்பூரிலிருந்து இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தவன்.

ஆமாம், மாரிமுத்துவின் தங்கைதான். பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாள். என்ன சேர்ந்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டே கேட்டேன். ‘சும்மா’ சொல்லவில்லை, ‘தான்’ போடவில்லை. “கவர்ன்மென்ட் காலேஜ் சார், ஹிஸ்டரி” என்றாள்.